நர்சிங் உரிமத் தேர்வு: எதை முதலில் படிப்பது, எதை அப்புறம் பார்த்துக்கொள்வது

உரிமத் தேர்வுக்கு உட்காரப் போகிறவர்கள் பலரும் முதல் நாள் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். முதலாம் ஆண்டு உடற்கூறியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பிப்பார்கள். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் எலும்புகளையே தாண்டியிருக்க மாட்டார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மண்டையோட்டில் எத்தனை எலும்பு என்று இன்றும் சொல்வேன், ஆனால் தேர்வில் அதை யாரும் கேட்கவில்லை.

கல்லூரித் தேர்வு "நிமோனியாவின் அறிகுறிகளை எழுதுக" என்று கேட்கும். உரிமத் தேர்வோ நான்கு நோயாளிகளைக் காட்டி, யாரிடம் முதலில் போவீர்கள் என்று கேட்கும். நான்கு நோய்களைப் பற்றியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் விடை தவறிப்போகும். அதனால், "இப்போது முதலில் என்ன செய்ய வேண்டும்" என்ற கேள்விக்கு உதவும் பாடங்களை முன்னால் வைத்துப் படிப்பதுதான் என் வழி. மீதியை நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

படிக்க உட்காரும் முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. நீங்கள் எழுதப் போகும் தேர்வின் பாடத்திட்டத்தை அந்தத் தேர்வை நடத்துபவர்களின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கேள்வி, எவ்வளவு நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா, முந்தைய கேள்விக்குத் திரும்பிப் போகலாமா என்பவை தேர்வுக்குத் தேர்வு மாறும். உதாரணமாக, அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கு எழுதும் என்கிளெக்ஸ் தேர்வில் உங்கள் விடையைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும், முந்தைய கேள்விக்குத் திரும்ப முடியாது. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவில் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். மூத்தவர்கள் நல்லெண்ணத்தோடு சொல்லும் பழைய கணக்குகளை நம்பி இறங்க வேண்டாம்.

முதல் படி: உடல் எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள்

அறிகுறிப் பட்டியலை மனப்பாடம் செய்தால் பத்து நாளில் மறந்துவிடும். காரணத்தோடு படித்தால் பட்டியல் தானாக வரும். ஒரு ஜோடியை எடுத்துப் பார்ப்போம்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்கு உள்ளே ரத்தம் கசிகிறது. உடலில் ரத்தத்தின் அளவு குறைகிறது. உடனே இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும், தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கும், சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே முதலில் கண்ணில் படுவது வேகமான பல்ஸ், குளிர்ந்து ஈரமான தோல், குறைந்த சிறுநீர், ஒருவித அமைதியின்மை. பிபி இறங்குவது, உடல் சமாளிக்க முடியாமல் கைவிட்ட பிறகுதான். "பிபி 118/76, பல்ஸ் 124, சிறுநீர் மணிக்கு 20 மில்லி" என்று கேள்வியில் வந்தால், பிபி நன்றாக இருக்கிறதே என்று அடுத்த நோயாளிக்குப் போய்விடக் கூடாது. பெரியவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போவதே ஓர் எச்சரிக்கை.

இப்போது எதிர்ப்பக்கம். தலையில் அடிபட்டவருக்கு மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தத்தை மீறி மூளைக்கு ரத்தத்தைத் தள்ள உடல் பிபியை உயர்த்துகிறது. பிபி ஏறியதால் பல்ஸ் குறைகிறது. மூளைத்தண்டு நசுங்கும்போது மூச்சு ஒழுங்கில்லாமல் போகிறது. பிபியின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி விரியும். ரத்தம் குறைந்து வரும் அதிர்ச்சி நிலையில் (ஷாக்) பல்ஸ் ஏறி பிபி இறங்கும், மண்டை அழுத்தத்தில் பிபி ஏறி பல்ஸ் இறங்கும். ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றது அதன் தலைகீழ். கேள்வி தயாரிப்பவர்கள் இதில் இன்னொரு கண்ணி வைப்பார்கள். மண்டை அழுத்தத்தின் மிக முந்தைய அறிகுறி எது என்று கேட்டால், மேலே சொன்ன மூன்றும் விடையல்ல, அவை தாமதமாக வருபவை. சுயநினைவில் ஏற்படும் மாற்றம்தான் முதலில் வரும். காலையில் தெளிவாகப் பேசியவர் மதியம் கிழமையைக் குழப்பினாலே கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்

சுவரில் ஒட்டும் அளவுக்கு ஒரு தாள் போதும், இரண்டாவது தாள் தேவைப்பட்டால் அதிகமாக எழுதிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் தேர்வில் கேட்கும் எண்கள் எல்லைக்கோட்டில் இருக்காது, தெளிவாக வெளியே இருக்கும்.

அந்தத் தாளின் முதல் வரியில் பொட்டாசியத்தை எழுதுங்கள். லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல். எவ்வளவு குறுகிய எல்லை பாருங்கள்! ஏறினாலும் இறங்கினாலும் இதயத் துடிப்பின் தாளம் கெடும். ஏறினால் ஈசிஜியில் டி அலை கூராக உயர்ந்து நிற்கும். இறங்கினால் டி அலை தட்டையாகி, பின்னாலேயே யூ அலை எட்டிப் பார்க்கும். பொட்டாசியத்தை வெளியேற்றுவது பெரும்பாலும் சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் கெட்டவருக்கு அது ஏறும். ஃப்யூரோசமைடு போல நீர் பிரிக்கும் மருந்து எடுப்பவருக்கும், வாந்தி பேதியில் இருப்பவருக்கும் இறங்கும். பொட்டாசியம் இறங்கியவர் டிகாக்சின் என்ற இதய மருந்தை எடுத்தால், வழக்கமான டோஸே நஞ்சாகலாம். இன்சுலின் பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும். அதனால்தான் சர்க்கரை நோயில் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வந்தவருக்கு இன்சுலின் ஏற்ற ஏற்றப் பொட்டாசியம் சரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். அதே காரணத்தால்தான் பொட்டாசியம் ஆபத்தாக ஏறியவருக்கு குளுக்கோஸோடு இன்சுலின் கொடுக்கிறோம். சிறுநீரகம், இதயம், மருந்தியல், சர்க்கரை நோய் என நான்கு பாடங்கள் ஒரே எண்ணில் கோத்துக்கொண்டு வந்துவிட்டன.

பொட்டாசியம் ஊசியை ஒருபோதும் நேராக நரம்பில் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும். டிரிப்பில் நன்றாகக் கலந்து, மெதுவாக, முடிந்தவரை பம்ப் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் சிறுநீர் போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வராத தேர்வை நான் பார்த்ததில்லை.

மற்றவை சுருக்கமாக. சோடியம் 135–145, அது மாறினால் முதலில் மூளை காட்டும்: குழப்பம், வலிப்பு. கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5–10.5 மில்லிகிராம், குறைந்தால் தசை இழுக்கும், வாயைச் சுற்றியும் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போலிருக்கும். ரத்தத் தட்டணு மைக்ரோலிட்டருக்கு 1,50,000–4,00,000. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பெரும்பாலும் 2–3. மனநல மருந்தான லித்தியம் 0.6–1.2, 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு.

ரத்த வாயுப் பரிசோதனையைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் அதில் மூன்றே எண்தான் முக்கியம். பிஹெச் 7.35–7.45, கார்பன் டை ஆக்சைடு 35–45, பைகார்பனேட் 22–26. முதலில் பிஹெச்சைப் பார்த்து அமிலமா காரமா என்று முடிவு செய்யுங்கள். அப்புறம் மற்ற இரண்டில் எது அதே திசையில் கெட்டிருக்கிறது என்று தேடுங்கள். கார்பன் டை ஆக்சைடு நுரையீரலின் ஆள், பைகார்பனேட் சிறுநீரகத்தின் ஆள். பிஹெச் 7.30, கார்பன் டை ஆக்சைடு 52, பைகார்பனேட் 25 என்றால்? அமிலம். காரணம் நுரையீரல். சிறுநீரகம் இன்னும் ஈடுகட்டத் தொடங்கவில்லை. வயிற்றில் இருப்பது அமிலம், எனவே தொடர் வாந்தி எடுத்தவர் காரப் பக்கம் போவார். கடும் பேதியில் பைகார்பனேட் போய்விடும், எனவே அமிலப் பக்கம்.

மூன்றாம் படி: மருந்தைக் குடும்பமாகப் படியுங்கள்

பெயரின் வால் குடும்பத்தைச் சொல்லிவிடும். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் என்று "ஓலால்" வந்தால் இதயத் துடிப்பையும் பிபியையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர்: கொடுக்கும் முன் பல்ஸும் பிபியும் பாருங்கள், ஆஸ்துமா இருக்கிறதா என்று கேளுங்கள், சுகர் இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். எனலாப்ரில், லிசினோப்ரில் என்று "ப்ரில்" வந்தால் பிபி குறைக்கும் ஏசிஇ தடுப்பான்: வறட்டு இருமல், ஏறும் பொட்டாசியம், கர்ப்பிணிக்குக் கூடாது, உதடும் நாக்கும் வீங்கினால் உடனே நிறுத்த வேண்டும். "ஸ்டாட்டின்" என்றால் கொழுப்பைக் குறைக்கும் மருந்து: தசை வலியையும் கல்லீரலையும் கவனியுங்கள்.

முறிவு மருந்துகளை ஜோடியாக எழுதிப் பழகுங்கள். ஹெப்பாரினுக்கு புரோட்டமைன் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மார்ஃபின் போன்றவற்றுக்கு நலாக்சோன், பாராசிட்டமால் அளவு மீறினால் அசிட்டைல்சிஸ்டீன், மக்னீசியம் சல்ஃபேட்டுக்கு கால்சியம் குளுக்கோனேட்.

டிகாக்சின் கொடுக்கும் முன் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவருக்கு 60-க்குக் கீழே இருந்தால் மருந்தைக் கொடுக்காமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

இன்சுலினில் கேட்பது பெரும்பாலும் உச்ச நேரத்தைத்தான், ஏனென்றால் சுகர் இறங்கும் ஆபத்து அப்போதுதான். ரெகுலர் இன்சுலின் அரை மணியில் வேலையைத் தொடங்கி 2–4 மணி நேரத்தில் உச்சம் தொடும். என்பிஹெச் இன்சுலினின் உச்சம் 4–12 மணி. காலை 7 மணிக்குப் போட்டால் மதியத்திலிருந்து மாலை வரை கண் வைக்க வேண்டும். கிளார்ஜினுக்குச் சொல்லும்படியான உச்சம் இல்லை, அதை வேறெதோடும் ஒரே சிரிஞ்சில் கலக்கவும் கூடாது. ரெகுலரையும் என்பிஹெச்சையும் கலக்கும்போது தெளிவாக இருப்பதை முதலில் இழுங்கள், கலங்கலாக இருப்பதை அப்புறம். சுகர் 70-க்குக் கீழே போய், நோயாளி விழுங்கும் நிலையில் இருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

டோஸ் கணக்கு

கணக்குக் கேள்விகளைத் தவறவிடுவது வீண். சூத்திரம் மூன்றுதான், பழகினால் முழு மதிப்பெண்.

1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மில்லிக்கு 15 சொட்டு. 1000-ஐ 15-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் 31.25, அதாவது நிமிடத்துக்கு 31 சொட்டு. அரைச் சொட்டு விழாது, முழு எண்ணாக்க வேண்டும். மைக்ரோ செட்டில் ஒரு மில்லிக்கு 60 சொட்டு என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

12 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் இருந்தால் 7.5 மில்லி. எடையை பவுண்டில் கொடுத்திருந்தால் முதலில் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்கிவிட்டு அப்புறம் மற்றதைத் தொடுங்கள்.

தீக்காயக் கணக்கில்தான் நான் பயிற்சித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டேன். பார்க்லாண்ட் சூத்திரப்படி 4 மில்லி, எடை, வெந்த பரப்பின் சதவீதம் மூன்றையும் பெருக்க வேண்டும். 60 கிலோ, 30 சதவீதம் என்றால் 7200 மில்லி. பாதி, அதாவது 3600 மில்லி, முதல் 8 மணி நேரத்தில் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தொடங்குவது நோயாளி மருத்துவமனைக்கு வந்தபோது அல்ல, தீப்பட்டபோது. அவர் 2 மணி நேரம் கழித்து வந்தால் மிச்சம் 6 மணி, எனவே மணிக்கு 600 மில்லி. நான் இரண்டு முறையும் 450 என்று எழுதினேன்.

தொற்றுத் தடுப்பும் பிரசவமும்

காற்றில் மிதந்து பரவுபவை என்று மூன்றை மனதில் வையுங்கள்: காசநோய், தட்டம்மை, சின்னம்மை. இவற்றுக்கு, உள்ளே இருக்கும் காற்று வெளியே கசியாத எதிர்மறை அழுத்த அறையும் என்-95 முகக்கவசமும் வேண்டும். இன்ஃபுளுவென்சா, கக்குவான், மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் துளியில் பரவுபவை, சாதாரண சர்ஜிகல் மாஸ்க் போதும். சி டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கில் கையில் சானிட்டைசர் தடவினால் அதன் வித்துகள் சாகாது, சோப்பும் தண்ணீரும்தான் வழி.

பிரசவப் பகுதியில் அடிக்கடி வருபவை சிலதான். குழந்தை பிறந்த பின் கருப்பை தளர்ந்து மெத்தென்று இருந்து ரத்தம் போனால், முதல் வேலை கருப்பையை மசாஜ் செய்வது. கருப்பை ஒரு பக்கமாக விலகியிருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது, அதைக் காலி செய்யுங்கள். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்ஃபேட் டிரிப் ஏற்றப்படும் தாய்க்கு முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் மூன்றையும் பார்க்க வேண்டும். அளவு மீறினால் முதலில் மறைவது அனிச்சை. மூச்சு நிமிடத்துக்கு 12-க்குக் கீழே போனால் உடனே நிறுத்த வேண்டும். பிரசவத் தேதிக்கு, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மூன்று மாதம் பின்னோக்கிப் போய் ஏழு நாள் கூட்டுங்கள்: மார்ச் 10 என்றால் டிசம்பர் 17. பிறந்த குழந்தையின் நிலையைச் சொல்லும் அப்கார் மதிப்பெண்ணை ஒன்றாம் நிமிடத்திலும் ஐந்தாம் நிமிடத்திலும் போட வேண்டும், 7–10 நல்லது. (1952-இல் இதை வகுத்த மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்காரின் பெயர்தான் அது. எழுத்துக்கு எழுத்து விரிவு பொருத்தியதெல்லாம் பின்னால் வந்தது.)

யாரை முதலில் பார்ப்பது

என்னைக் கேட்டால் பாதித் தேர்வு இதில்தான் இருக்கிறது. மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் தவறுகிறோம். ஒரு கேள்வியைப் பார்க்கலாம். டியூட்டி ஏற்றவுடன் இந்த நால்வரில் யாரிடம் போவீர்கள்?

முதலாமவர், இரண்டு நாள் முன் குடலிறக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், வலி பத்துக்கு ஆறு என்கிறார். இரண்டாமவர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், ஆக்சிஜன் அளவு 90 சதவீதம். மூன்றாமவருக்குக் காலையில் தைராய்டு எடுத்தார்கள், வாயைச் சுற்றி மரத்துப்போகிறது என்கிறார். நான்காமவருக்கு சுகர் 210, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும்.

பலர் ஆக்சிஜன் 90 என்றதும் இரண்டாமவரிடம் ஓடுவார்கள். ஆனால் அந்த நோயில் இலக்கே 88–92, அது அவருடைய வழக்கமான அளவு. வலி தொந்தரவுதான், உயிருக்கு ஆபத்தில்லை. 210 சிறிது நேரம் காத்திருக்கும். மூன்றாமவருக்கு மரத்துப்போவது சின்ன விஷயம் போலத் தோன்றும், ஆனால் தைராய்டோடு, கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டும் பாதிக்கப்பட்டு கால்சியம் இறங்குகிறது என்பதன் அறிகுறி அது. அடுத்து குரல்வளைத் தசை இறுகினால் மூச்சுப்பாதை அடைபடும். இவரிடம்தான் முதலில் போக வேண்டும். எதிர்பார்க்கக்கூடிய தொந்தரவை விட எதிர்பாராத மாற்றம் முந்தும், பழைய நோயை விடப் புதிய அறிகுறி முந்தும்.

"முதலில் மதிப்பிடு, பிறகு செயல்படு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். சரி, ஆனால் கேள்வியிலேயே மதிப்பீடு முடிந்திருந்தால் செயலைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ரத்தம் ஏறும்போது குளிரும் முதுகு வலியும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இனி வெப்பநிலை பார்ப்பது முதல் வேலையல்ல, ரத்தத்தை நிறுத்துவதே முதல் வேலை. அப்புறம் புதுக் குழாயில் நார்மல் சலைன் போட்டு நரம்பைத் திறந்து வைத்து, மருத்துவருக்கும் ரத்த வங்கிக்கும் சொல்ல வேண்டும். "மருத்துவரை அழைக்கவும்" என்ற விடை எப்போதும் கண்ணைக் கவரும். நோயாளிக்கு நீங்களே இந்த நொடியில் செய்யக்கூடியது வேறொரு விடையில் இருந்தால், அதுதான் முந்தும். இதயம் நின்றுவிட்டால் மட்டும் வரிசை மாறும், முதலில் மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

வேலையை உதவியாளருக்கு ஒப்படைக்கும் கேள்விகளில் ஒரே சோதனைதான். மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, விளைவை ஆராய்வது ஆகியவற்றைக் கைமாற்றக் கூடாது. நிலையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, சிறுநீர் அளப்பது எல்லாம் கொடுக்கலாம்.

நோயாளி அழுதால் என்ன சொல்வீர்கள் என்ற கேள்வியில் "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்ற விடையும் "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்ற விடையும் பெரும்பாலும் தவறு. அவர் மனதில் உள்ளதைப் பேச இடம் கொடுக்கும் விடையைத் தேடுங்கள்.

கேள்விப் பயிற்சி

பாடம் முடியட்டும், அப்புறம் கேள்விகள் என்று தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்தே தினமும் கேள்விகள் போடுங்கள், எண்ணிக்கை முக்கியமில்லை. நாற்பது கேள்வி போட்டால், விடை விளக்கம் படிக்க அதைவிட அதிக நேரம் செலவிடுங்கள். சரியாகப் போட்டவற்றின் விளக்கத்தையும் படியுங்கள், பாதி குருட்டாம்போக்கில் சரியாகியிருக்கும்.

தவறியவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: விஷயமே தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, தெரிந்தும் வரிசை தவறியதா. என் நோட்டில் இரண்டாவது காரணம்தான் மற்ற இரண்டையும் விட அதிகமாக இருந்தது. "எது தவிர", "மேலும் விளக்கம் தேவை என்று காட்டுவது எது" போன்ற சொற்களை விரலால் தொட்டு வாசிக்கப் பழகிய பிறகுதான் அது குறைந்தது. பொருந்துவதையெல்லாம் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம், ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து ஆமா இல்லையா என்று பாருங்கள்.

வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "எங்கள் வார்டில் இப்படித்தான் செய்வோம்" என்ற நினைப்பு விடையைக் கெடுக்கும். தேர்வில் வரும் வார்டில் ஆள் பற்றாக்குறை கிடையாது, எல்லாக் கருவியும் வேலை செய்யும், உங்களுக்கு அந்த நேரத்தில் அந்த ஒரே நோயாளிதான்.

கடைசி வாரத்தில் புதிய பாடம் எதையும் திறக்காதீர்கள். தினமும் காலையில் ஒரு வெள்ளைத் தாளில் எண்களையும் முறிவு மருந்து ஜோடிகளையும் பார்க்காமல் எழுதி, சுவரில் ஒட்டிய தாளோடு ஒப்பிடுங்கள். விடுபட்டதை மட்டும் தவறு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைத்து, தேர்வுக்குப் போகும் வழியில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள்.